திரும்ப முளைச்ச கோரைப்பல்லு

இயற்கையா இருக்கும்னு சொன்னா, அக்கா! உள்ள உக்காந்திருக்காளே, இந்தப் பல் டாக்டர் ஹப்சாரி, அவதான். "அடைச்சதே தெரியாதும்மா, அவ்வளவு இயற்கையா இருக்கும்"னு இந்தக் காதுல விழற மாதிரி சொன்னா. இயற்கை! அந்த இயற்கையில தீயை வைக்க! இங்க பாருங்க... இப்படி, வலது பக்கம். கிட்ட வந்து பாருங்க, கடிச்சிட மாட்டேன். பாத்தீங்களா? ஆங்... கண்ணு விரியுதுல்ல? விரியாம என்ன செய்யும்! கியான்யார் சந்தையில பாதிப் பேருக்கு ஏற்கெனவே விரிஞ்சாச்சு.

ஐயையோ, நீங்க பேசாதீங்க, பேசாதீங்க! ஊசி போட்டு வெளிய உக்கார வெச்சிருக்கா, பஞ்சு வேற வாயில. மரத்துப் போற வரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னு என் காதுபடத்தானே சொன்னா. நீங்க சும்மா தலையாட்டுங்க போதும். எனக்கும் அதுதான் வேணும். எங்க வீட்டுல எனக்கு யாருக்கா காது குடுக்கறாங்க? நான் ஆரம்பிச்சதும் ஒருத்தர் பட்டறைக்கு எந்திரிச்சுப் போறார், ஒருத்தி பூசைத்தட்டு வைக்கப் போறா. மிச்சம் இருக்கறது கோழி. அதுவும் எத்தனை நேரம்தான் கேக்கும்.

நீங்களும் பல்லு நிறத்துலதான் அடைக்கச் சொல்லியிருக்கீங்களா? ம்... தலையாட்டறீங்க. சரி, உங்க தலையெழுத்து. கடைவாய்ப் பல்லா? அப்ப பரவால்ல. கடைவாய்ப் பல்லுல அவ கோயில் கோபுரமே கட்டினாலும் யாருக்குத் தெரியப் போகுது? எனக்கு முன்னாடில்ல! கோரைப்பல்லுல்ல!

இந்தப் பல்லு எப்படிச் சொத்தையாச்சுன்னு கேப்பீங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன். நான் சந்தையில அரிசிப் பலகாரம் விக்கறவ. மாஸ் ஊருக்காரி சுகெர்த்தின்னு கேட்டா யாரும் கடையைக் காட்டுவாங்க. பச்சை உருண்டை, உள்ள வெல்லப்பாகு, மேல தேங்காப்பூ. பாகு பதம் சரியா இருக்கான்னு விரல்ல தொட்டுப் பாக்கணுமா இல்லியா? நாக்குல வெச்சுப் பாக்காம வித்தா அது பலகாரமா? விடியக் காலையில எந்திரிச்சு நக்க ஆரம்பிச்சா, சந்தை முடியற வரைக்கும் நக்கல்தான். எங்க நாத்தனார் ஸ்ரீயாசி இருக்காளே, அவ சொல்றா, "அண்ணி வித்தது பாதி, தின்னது பாதி"ன்னு. இவ வாயி! இவ வாயத் தொறந்தா ஈயம் பூசின பழைய பாத்திரம் மாதிரி ஒவ்வொரு பல்லுலயும் கறுப்பா ஒரு அடைப்பு. சிரிச்சா சைக்கிள் கடை. அவ என்னைச் சொல்றா!

சொத்தை பாட்டுக்கு இருந்துச்சு. நானும் கிராம்பு வெச்சேன், உப்புத் தண்ணி கொப்புளிச்சேன், மாமியாரைத் திட்டற மாதிரி பல்லையும் மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டு இருந்தேன். போன கலுங்கான் பண்டிகை அன்னைக்கு வந்து மாட்டுச்சு. பன்னித்தோலு வறுவல்... மொறுமொறுன்னு வந்திருந்துச்சு, எங்க வீட்டுக்காரர் அதை மட்டும் நல்லா செய்வார். வாயில போட்டுக் கடிச்சேன். கடக்குன்னு ஒரு சத்தம். தோலுதான் சத்தம் போடுதுன்னு நெனைச்சேன். துப்பிப் பாத்தா என் பல்லு, பாதி. மிச்சப் பாதி மேல கறுத்துப் போய் நிக்குது.

அப்பத்தான் இந்தச் சோலோக்காரியைப் பத்திச் சொன்னாங்க. ஜாவாத் தீவுல சோலோலேருந்து புதுசா வந்திருக்கா, கை பூ மாதிரி, வலிக்கவே வலிக்காதுன்னு. வலிக்கலதான். அதைப் பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்தப் பேச்சு இருக்கே! சோலோக்காரங்க பேச்சு உங்களுக்குத் தெரியும்ல? வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும், "மன்னிச்சுக்கங்கம்மா, கொஞ்சம் சூடா இருக்கற மாதிரி இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. என் வாயைப் பாத்துட்டு, "கொஞ்சம் இனிப்பு அதிகமா சாப்புடுவீங்களோ"ன்னு கேட்டா. கொஞ்சமாம்! அதுல ஒரு "ளோ" வேற!

அப்பறம் ஒரு கொத்து எடுத்தா பாருங்க. சாவிக்கொத்து மாதிரி, ஆனா சாவிக்குப் பதிலு பல்லு. பொம்மைப் பல்லு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம். ஒண்ணொண்ணா என் பல்லு பக்கத்துல வெச்சு வெச்சுப் பாக்கறா. சன்னல் கிட்ட வாங்கங்கறா, வெளிச்சத்துல பாக்கணும்ங்கறா. நான் மகளுக்குத் துணி எடுத்தப்பகூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல. "இந்த வெள்ளையை வைம்மா"ன்னு இருக்கறதுலயே வெள்ளையாக் காட்டினேன். மாட்டேன்னுட்டா. "அது தனியாத் தெரியும்மா, உங்களுக்கு இதுதான்"னு ஒரு மஞ்சளை எடுத்துக் காட்டறா. என் பல்லு அந்த நிறமாம். பழுத்த வாழையிலை நிறம். அதுக்கு ஒரு பேரு கூடக் கெடையாது, வெறும் நம்பருதான்.

சொத்தையைச் சுரண்டி எடுத்தா. நீலமா ஒரு களிம்பு தடவுனா, கழுவுனா. அப்பறம் பசை. கொஞ்சம் வெப்பா, நீல வெளிச்சத்தைக் காட்டுவா, அது கல்லா இறுகிரும். திரும்பக் கொஞ்சம் வெப்பா, திரும்ப வெளிச்சம். ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கிட்டு, இத்துனூண்டு கரண்டியில செதுக்கறா, தேய்க்கறா, பாக்கறா, திரும்பச் செதுக்கறா. நான் ஒரு சிற்பிக்கு வாக்கப்பட்டவ, எனக்கு வேலை தெரியும். நல்ல வேலைக்காரிதான், அதை நான் இல்லைங்கல. கண்ணாடி குடுத்தா. பாத்தேன். அக்கா... கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. எது என் பல்லு, எது அவ பசைன்னு எனக்கே தெரியல. மறுநாள் ஒரு தட்டு பலகாரம் கொண்டாந்து குடுத்தேன். இவளுக்கு! அந்த வெல்லத்தை நாய்க்குப் போட்டிருந்தா அது வாசல்லயாவது படுத்துக் கெடக்கும்.

வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஈன்னு காட்டினேன். அவர் மரத்துல முகமூடி செதுக்கறவர். பூதம், ராட்சசன், கெழவன், எல்லாம் செய்வார். பக்கத்துல வந்து, தலையைச் சாய்ச்சு, மரக்கட்டையைப் பாக்கற மாதிரிப் பாத்தார். "முனை நல்லா வந்திருக்கு, யாரு செதுக்குனது?"ங்கறார். முனையா! "என்ன முனை?"ன்னேன். "கோரைப்பல்லு முனைதான். நான்கூட ராட்சசனுக்கு இந்த வளைவு குடுக்கறதுக்குத் திண்டாடறேன்"னுட்டு உளியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பொண்டாட்டி வாயில ராட்சசப்பல்லு முளைச்சிருக்கு, இவருக்கு வளைவு!

ஓடிப் போய்க் கண்ணாடியைப் பாத்தேன். அடக் கடவுளே. உண்மைதான். இடது பக்கம் பல்லு மட்டமா, அடக்கமா, மனுசப் பல்லா இருக்கு. இந்தப் பக்கம் கூரா, தொங்கலா, ஊசி மாதிரி. நாக்கால தொட்டாக் குத்துது. உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன? எதுக்கு நம்ம புள்ளைங்க வயசுக்கு வந்ததும் படுக்க வெச்சு, மஞ்சத்துணி போத்தி, அரத்தை எடுத்துப் பல்லு ராவி விடறோம்? மேல்வரிசையில ஆறு பல்லு, உள்ளுக்குள்ள ஆறு விரோதி, காமம், கோவம், பேராசை, மயக்கம், திமிரு, பொறாமை. அத்தனையும் அடங்கட்டும்னுதானே? மிருகத்துக்கும் பேய்க்கும்தானே கூர்ப்பல்லு? ராவின துகளை எளந்தேங்காக்குள்ள துப்ப வெச்சு, குலசாமி மாடத்துக்குப் பின்னாடி புதைச்சு வெக்கறோம். எங்கம்மா எனக்குப் புதைச்சா. என் காலைப் பிடிச்சுக்கிட்டு எங்கம்மா அன்னைக்கு அழுத அழுகை... சரி, அதை விடுங்க. அவ்வளவு செஞ்சு மழுங்கடிச்ச பல்லை, ஒரு மத்தியானத்துல, ஜாவாக்காரி ஒருத்தி திரும்பக் கூராக்கி அனுப்பிட்டா!

ஸ்ரீயாசி சும்மா இருப்பாளா? வந்தா. பாத்தா. ஈயப்பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சா. "என்ன அண்ணி, தேங்காக்குள்ள துப்பினதைத் தோண்டி எடுத்து ஒட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"ன்னா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு எனக்கு. சந்தையில இன்னும் மோசம். ஒரு குழந்தை என்னைப் பாத்து அம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளியுது. மீன்காரி சொல்றா, "மூஞ்சிக்கு வெள்ளைப் பொடியைப் பூசி நாக்கைத் தொங்க விட்டா, கோயில் கூத்துல உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கு"ன்னு. அவ மீனை நான் அள்ளித் தெருவுல கொட்டினேனா இல்லியான்னு அவளையே கேளுங்க.

நல்லவேளை, எங்க விதாரி இதைப் பாக்கல. என் பொண்ணு. டென்பசார்ல வேலை பாக்கறா. அவ பாத்திருந்தா போட்டோ புடிச்சு ஊருக்கே அனுப்பியிருப்பா, அந்த மாதிரிக் கழுதை அது. இன்னும் பாக்கல, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்.

நேரா இங்க வந்தேன் சண்டைக்கு. இதே பெஞ்சு. இதே மீன் தொட்டி. அப்பவும் இந்த ஆரஞ்சு மீன் இப்படித்தான் வாயை வாயைத் தொறந்துக்கிட்டு கெடந்துச்சு. உள்ள போய்ப் புடிச்சேன் அவளை. "உனக்குக் கண்ணு இல்ல? பக்கத்துப் பல்லைப் பாத்தியா? இந்தப் பக்கம் பாத்தியா? உங்க ஊர்ல பல்லு ராவ மாட்டீங்க, அதுக்காக எங்க ஊர்ப் பல்லெல்லாம் பேய்ப்பல்லா?"ன்னு நான் கேட்ட கேள்விக்கு வேற யாராவது இருந்தா மூட்டையைக் கட்டியிருப்பா. இவ? புன்சிரிப்பு! "மன்னிச்சுக்கங்கம்மா, நானும் உங்ககிட்ட கேட்டேன்ல, இந்தப் பக்கம் மாதிரியே மட்டமா வெச்சுடவான்னு. நீங்கதான் படத்துல இருக்கற மாதிரியே வேணும்னீங்க"ன்னுட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டறா.

ம்... என்ன படமா? அது... அது ஒண்ணுமில்லக்கா. பழைய படம் இருந்தாக் கொண்டாங்க, பல்லு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாக்கலாம்னு மொதல் நாளே சொல்லியிருந்தா. நானும் வீட்டுல தேடினேன். கல்யாணப் படம் இருக்கு. அதுல ஸ்ரீயாசி பக்கத்துல நிக்கறா, என் கன்னத்துல கொப்புளம் வேற. கோயில் திருவிழாப் படம் இருக்கு, அதுல நான் குண்டா இருக்கேன். எதுக்கு ஒரு டாக்டர்கிட்ட குண்டாப் போயி நிக்கணும்? பெட்டி அடியில ஒரு படம் கெடந்துச்சு. பதினாறு வயசு. தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு, நாட்டிய உடுப்புல, வாய் கொள்ளாத சிரிப்பு. அக்கா, நான் சும்மா சொல்லல, அந்தக் காலத்துல என்னைப் பாக்கறதுக்குன்னே பக்கத்து ஊர்லேருந்து பசங்க கோயிலுக்கு வருவாங்க. அந்தப் படத்தைக் குடுத்துட்டு, "இதுல எப்படி இருக்கோ அப்படியே வேணும், ஒரு மாத்தம் இருக்கக் கூடாது"ன்னேன்.

ஆமா ஆமா. சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துரும். எனக்குப் பல்லு ராவினது பதினெட்டுல. படம் பதினாறுல. அது என் மண்டையில ஏறல. பூவையும் இடுப்பையும் பாத்துக்கிட்டு இருந்தவளுக்குப் பல்லா தெரியும்? ஆனா டாக்டருக்குத் தெரிய வேணாமா? படிச்சவ! கேக்கணும்ல! ...கேட்டாதான். கேட்டா. "உறுதியாவா அம்மா"ன்னு கேட்டா. ஆனா அந்தக் கேள்வியைச் சத்தமாக் கேக்கணும்ல? கொசு ரீங்காரம் மாதிரி கேட்டா யாருக்கு உறைக்கும்!

அப்பவே சொன்னா, "ரெண்டு நிமிஷ வேலைம்மா, உக்காருங்க, மட்டமாத் தேய்ச்சு விட்டுடறேன், காசு வேணாம்"னு. நான் உக்காருவேனா? நீ யாருடி என் கோரைப்பல்லை ராவ? மந்திரம் உண்டா, படையல் உண்டா, மஞ்சத்துணி உண்டா? கரண்டு மிஷினை வெச்சு கர்ருன்னு ராவினா அது சடங்கா? பெருசா ஒரு முறைப்பு முறைச்சுட்டு வந்துட்டேன். நேரா எங்க ஊர்ல பல்லு ராவற பெரியவர்கிட்ட போனேன். நாளைக்கு எங்க வீட்டு வளவுல புள்ளைங்களுக்குச் சடங்கு, ராவப் போறவரும் அவருதான். "எனக்குத் திரும்ப ஒரு தடவை சடங்கு செய்யணும் சாமி, முனை வந்துருச்சு"ன்னேன். வாயத் தொறக்கச் சொன்னார். டார்ச்சு அடிச்சுப் பாத்தார். அக்கா, அவரு சிரிச்ச சிரிப்புல அவருக்கு இருமல் வந்து, அவரு பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து குடுத்தா. "அது பல்லு இல்லம்மா, பசை. உன் பல்லு உள்ள மட்டமாத்தான் இருக்கு. பசைக்கு ஏது கோவமும் தாபமும்? அந்தப் பொண்ணையே தேய்ச்சு விடச் சொல்லு"ங்கறார். வயசாயிடுச்சு அவருக்கு. பசைக்குக் கோவம் இல்லையாம்! இவருக்கு என்ன தெரியும்?

எனக்குல்ல தெரியும்! இந்தப் பல்லு வந்ததுலேருந்து நான் நானா இல்லக்கா. முன்னாடி நான் எப்படி இருப்பேன் தெரியுமா? பசு. கேட்டுப் பாருங்க... இல்ல, எங்க வீட்டுக்காரரைக் கேக்காதீங்க, அவர் ஒரு மாதிரிப் பாத்துட்டு, "நீ எப்பவுமே இப்படித்தான்"ம்பார். மரத்தோட பேசிப் பேசி மரமாப் போன மனுசன். வேற யாரையாவது கேளுங்க. மீன்காரி மீனை நான் கொட்டினேன், சொன்னேன்ல? தெருக்காரங்க கூடற பஞ்சார் கூட்டத்துல எல்லாப் பொம்பளைங்களும் உக்காந்து ஓலையில பூசைத்தட்டு முடையறப்ப, "உங்க தட்டு கோணலா இருக்கே"ன்னு ஒருத்தி சொன்னதுக்கு அத்தனை தட்டையும் வாரிச் சாக்கடையில போட்டேன். ஸ்கூட்டர்ல இடிச்சவனை அவன் வீடு வரைக்கும் தொரத்திக்கிட்டுப் போய் அவன் அம்மாவைத் திட்டிட்டு வந்தேன். எல்லாம் இந்த முனை பண்ற வேலை! நான் வாயத் தொறக்கறேன், இந்தப் பல்லு பேசிடுது. நான் பேசல. பல்லு பேசுது.

அதெல்லாம்கூடப் போகட்டும். மீன்காரி நாளைக்கு நான் மீன் வாங்கினா சரியாயிடுவா. பெத்த பொண்ணுகிட்டயே கண்டபடி பேச வெச்சிருச்சு இது!

நாளைக்குக் காலையில சடங்குன்னேன்ல? எங்க வீட்டுக்காரர் குடும்பத்துல எல்லாப் புள்ளைங்களுக்கும் சேத்துப் பல்லு ராவறோம். ஸ்ரீயாசியோட ரெண்டு பசங்க, சித்தப்பா பேத்தி, எங்க விதாரி. பந்தல் போட்டாச்சு. பன்னி வந்தாச்சு. தேங்கா, மஞ்சத்துணி, வாய்க்கு முட்டுக் குடுக்கற கரும்புத் துண்டு, எல்லாம் நான் என் கையால எடுத்து வெச்சாச்சு. கட்டிலுக்குப் பூ கட்டியாச்சு. விதாரிதான் இல்ல. வர மாட்டாளாம். அவங்கப்பாகிட்ட போன்ல சொல்லிட்டா. "அம்மா என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காரறதா இருந்தா நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்"னுட்டாளாம். என் போனை எடுக்கறதே இல்ல. எழுதி அனுப்பினா, பாத்துட்டான்னு நீலமாக் காட்டுது, பதில் இல்ல. கட்டில்ல அவ இடம் மட்டும் காலியாக் கெடந்தா, அக்கா... ஊரு பேசறது இருக்கட்டும். அந்தத் தேங்காக்குள்ள துப்ப என் புள்ள இல்லைன்னா, நான் எதைக் கொண்டு போய்ப் புதைக்க?

அதுக்குத்தான் இப்ப இவகிட்டயே வந்து உக்காந்திருக்கேன், மானத்தை விட்டுட்டு. தேய்ச்சு விடுடீன்னு. முனை போயிருச்சுன்னா ஒரு போட்டோ புடிச்சு விதாரிக்கு அனுப்புவேன். "பாரு, பேசின பல்லை ராவியாச்சு, இனிமே வா"ன்னு. வருவாள்ல? வருவா. காரணம் தெரிஞ்சா வருவா.

என்ன சொன்னேனா? எதை? ...அவகிட்டயா? அதைச் சொல்ற மாதிரியா இருக்கு. நீங்க கண்ணால கேக்கறீங்க, சொல்லாம இருக்க முடியல. அது வந்து... அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க, இப்பல்லாம் பல்லை ரொம்ப ராவ வேணாம், மேல்பூச்சு தேஞ்சு கூசும், சும்மா மூணு இழுப்பு பேருக்கு இழுத்தாப் போதும்னு. "எனக்கு மூணு இழுப்புதான்மா"ன்னா. எனக்குப் பத்திக்கிச்சு. நாங்கல்லாம் மணிக்கணக்காப் படுத்துக் கெடந்தோம், தாடை வலிக்க வலிக்க. இவளுக்கு மட்டும் மூணாம்! ஓட்டல்ல வேலை பாக்கறால்ல, பெரிய இவ! நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, "என் பல்லு, என் இஷ்டம்"னுட்டா. அப்பத்தான் அந்தப் பேச்சு வந்துச்சு. "நீ ராவாமலே போ. செத்தப்பறம் பொணமாப் போட்டு ராவிக்கறேன்"னு...

...பாக்காதீங்கக்கா அப்படி. தெரியும். எந்தத் தாயும் பேசற பேச்சு இல்ல அது. ராவாமச் செத்தா, எரிக்கறதுக்கு முன்னாடி பொணத்துக்கு ராவுவாங்க. அந்தச் சடங்கை யாரும் வாயால கூடச் சொல்ல மாட்டாங்க. நான் பெத்த புள்ளைக்குச் சொன்னேன். அதுவும் நல்ல நாளு. வாசல்ல மூங்கில் தோரணம் தொங்குது, வீடு நெறையச் சொந்தக்காரங்க, எல்லாரும் இலையில உக்காந்திருக்கோம். சொல்லிட்டு, இன்னும் ஆத்திரம் அடங்காம, கையில இருந்த பன்னித்தோலை வாயில போட்டு ஒரு கடி... கடக்குன்னு... அவ இலையை அப்படியே மடிச்சுட்டு எந்திரிச்சா. ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போனவதான். நான் அவளைப் பாக்கல, இந்தப் பாதிப் பல்லைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் இந்தப் பல்லு பண்ண...

என்ன? என்னக்கா? எதுக்கு விரலைக் காட்டறீங்க? ...பல்லா? ஆமா, இந்தப் பல்லுதான். ...என்ன, பின்னாடி பின்னாடின்னு கையை ஆட்டறீங்க? அப்பவா? அப்ப என்ன? அப்ப... கலுங்கான் அன்னைக்கு...

அன்னைக்கு ஏது முனை.

இருங்க. இருங்க, என்னைக் கொழப்பாதீங்க. கலுங்கான்ல உடைஞ்சுது. அதுக்கப்பறம்தானே இங்க வந்தேன்? அதுக்கப்பறம்தானே படம், பசை, நீல வெளிச்சம்... அவதான் இதைப் பாக்கவே இல்லியே. நானே சொன்னேனே, நல்லவேளை பாக்கலைன்னு. அன்னைக்கு வாயில இருந்தது பழைய பல்லு. எங்கம்மா காலைப் பிடிச்சுக்கிட்டு அழ அழ ராவின பல்லு. மட்டமா இருந்துச்சு. மழுங்கலா இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டுத்தான்...

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயில பஞ்சு இருக்குன்னு பாத்தா, நீங்க பெரிய ஆளா இருக்கீங்க.

அப்ப அந்த மீனு? அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை கொட்டியிருக்கேன், போன வருஷம். மீன்காரிதான் சொல்லிக் காட்டினா. பூசைத்தட்டு... சரி விடுங்க. எங்க வீட்டுக்காரரும் சொன்னார், நீ எப்பவுமே இப்படித்தான்னு. அந்தப் பெரியவரும் சொன்னார், பசைக்கு ஏது கோவம்னு. ஊர்ல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க! ஒருத்தராவது நான் கேக்கற மாதிரிச் சொன்னாங்களா? எல்லாம் இந்தச் சோலோக்காரி மாதிரியே கொசு மாதிரிச் சொன்னா...

இல்ல. அவளைச் சொல்லக் கூடாது. அவ நல்லாத்தான் செஞ்சிருக்கா. நான் குடுத்த படத்தை அப்படியே செஞ்சிருக்கா.

ஆங்? யாரு கூப்புடறது? சுகெர்த்தி அம்மாவா? நான்தாம்மா. இரும்மா, வரேன். இல்ல, இவங்களை மொதல்ல கூட்டிக்கிட்டுப் போ, இவங்களுக்கு மரத்திருக்கும். எனக்கு என்ன அவசரம்? பசைதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும், அப்பறமாத் தேய்ச்சுக்கலாம். முதல்ல ஒரு போன் பண்ணணும்... பண்ணி என்ன பிரயோசனம், என் நம்பரைப் பாத்தாலே எடுக்க மாட்டா.

என்னக்கா? உங்க போனா? ...எனக்கா?

குடுங்க. நீங்க உள்ள போங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன். போங்க போங்க, டாக்டர் நிக்கறா பாருங்க. நல்ல டாக்டருக்கா, பயப்படாதீங்க. வலிக்காது. உங்க பல்லு நிறத்துலயே வெப்பா, தெரியவே தெரியாது. அவ என்ன கேட்டாலும் ரெண்டு தடவை காது குடுத்துக் கேட்டுட்டு அப்பறம் தலையாட்டுங்க, அவ்வளவுதான்.

...அலோ. அலோ, விதாரி? வைக்காத, வைக்காத தங்கம்! யாரோட போனா? ஒரு அக்காவோடது, நீ அதை விடு. கேளு. இல்ல, சாப்பிட்டியான்னு கேக்கப் போன் பண்ணல. ...சாப்பிட்டியா? சரி. மூணு இழுப்புதானே? மூணே மூணு இழுக்கச் சொல்றேன், பெரியவர்கிட்ட நானே பேசறேன். நாலாவது இழுத்தா நான் கேக்கறேன் அவரை. உன் காலை நான் பிடிக்கல, அப்பா பிடிக்கட்டும். நான் தூரமா நிக்கறேன். சமையக்கட்டுல நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். நீ வந்து படு, அது போதும்.

என்னது? ...ஸ்ரீயாசி அத்தை சொன்னாளா? ஆமா, சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், பல்லு பேசுச்சு பல்லு பேசுச்சுன்னு. இல்லடி. அன்னைக்குப் பல்லு ஒண்ணும் பேசல. அம்மாதான் பேசினேன்.